அர்ஜென்டினா புறா வேட்டை: தோட்டாவுக்கு யார் காசு கொடுப்பது?

கேள்வி: டெக்சஸில் டாலஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்கள் நாலு பேர் மே மாதம் அர்ஜென்டினாவின் கோர்தோபாவுக்குப் புறா சுடப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். லாட்ஜ், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து நாலு இரவு, மூன்று நாள் வேட்டைக்கு ஆளுக்கு 2,400 டாலர் என்கிறார் ஏஜென்ட். பாதியை உடனே வங்கி மூலம் அனுப்பச் சொல்கிறார். நம்பி அனுப்பலாமா? துப்பாக்கியை இங்கிருந்தே எடுத்துப்போக வேண்டுமா?

பதில்: பணம் அனுப்பும் முன்பே கேட்டீர்கள், நல்லது. அந்த 2,400-இல் தோட்டா சேர்ந்திருக்கிறதா என்று முதலில் ஏஜென்டிடம் கேளுங்கள். அநேகமாகச் சேர்ந்திருக்காது. இந்தப் பயணத்தில் பெரிய செலவே அதுதான்.

டெக்சஸில் புறா சுட்டுப் பழகியவருக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே ஒரு நாளைக்கு 15 புறாதான், அதற்கு மேல் சுட்டால் குற்றம். கோர்தோபாவில் அந்த வரம்பே கிடையாது. ஈயர்டு டவ் என்ற அந்தப் புறா நம் ஊர் சின்னத் தவிட்டுப் புறா அளவுதான் இருக்கும். முட்காட்டில் அடையும், பக்கத்துச் சோளக்காட்டில் மேயும், வருஷத்துக்குப் பல ஈடு முட்டை வைக்கும். பயிரை அழிக்கிறது என்று அதைத் தொல்லைப் பறவையாகவே அந்த மாகாணம் நடத்துகிறது. வருஷம் முழுக்கச் சுடலாம், எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. வானம் நிறையப் பறவை போகும்போது கை நிற்காது. ஒருவர் ஒரே நாளில் 1,000 தோட்டா சுடுவது அங்கே சாதாரணம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பெட்டியில் 25 தோட்டா. பெட்டி 15 டாலர் என்று வைத்துக்கொண்டால்கூட 1,000 தோட்டாவுக்கு 40 பெட்டி, 600 டாலர். மூன்று நாளில் 1,800. அப்புறம் துப்பாக்கி வாடகை, நாள் கணக்கில் உரிமக் கட்டணம், உதவியாளுக்கு டிப்ஸ், விமான நிலையக் கார். 2,400 என்று தொடங்கியது 5,000-ஐ நெருங்கிவிடும், விமான டிக்கெட் இல்லாமலே.

இரண்டு வருஷம் முன்பு ஒரு வாசகர் தன் பில்லை எனக்கு அனுப்பியிருந்தார். கடைசி இரவு, சாப்பாடு முடிந்து காபி வந்தபோது மேசையில் வைத்தார்களாம். தங்கும் செலவு ஒரு வரி. அதற்குக் கீழே தோட்டா, 118 பெட்டி, பெட்டி 16 டாலர், 1,888. அவர் ஏமாற்றப்படவில்லை, அத்தனையும் அவர் சுட்டதுதான். ஆனால் ஒரு தோட்டாவைக்கூட அவர் கையால் எடுத்துப் போடவில்லை. பக்கத்தில் நின்ற உதவியாள் துப்பாக்கியை நிரப்பி நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த உதவியாள் இன்னொரு கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்த எண்ணும் கருவி, விழுந்த புறாவை எண்ணியது. காலிப் பெட்டி எத்தனை என்று பில் வரும்வரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் ஏஜென்டுக்கு இப்படி எழுதுங்கள்: "நாளுக்கு 500 தோட்டா, மூன்று நாள். கோர்தோபா விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை, டிப்ஸ் தவிர மொத்தம் எவ்வளவு?" ஒரே தொகையாக, எழுத்தில் பதில் வர வேண்டும். அங்கே போனதும் காலையில் 10 பெட்டி, மாலையில் 10 பெட்டிதான் உங்கள் இடத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இதில் காசு மட்டும் விஷயமில்லை. சுட்ட புறாவை ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று பல லாட்ஜ்கள் சொல்லும். ஐந்து பேர் ஆளுக்குச் சில நூறு என்று சுட்டால் அத்தனையும் தினமும் யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று கேளுங்கள். திருத்தமான பதில் தராத இடத்துக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். தின்ன முடியாத அளவுக்குச் சுடுவது எனக்கு ஒப்பாது, உங்களிடம் அதை மறைக்கவும் விரும்பவில்லை.

துப்பாக்கியை எடுத்துப்போக வேண்டாம். அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது சுங்கப் பதிவு, அங்கே தற்காலிக அனுமதி, விமானம் மாறும் இடத்தில் தனி விதி என்று மூன்று நாள் வேட்டைக்கு அவ்வளவு அலைச்சல் தேவையில்லை. வாடகைக்கே கிடைக்கும். 20 கேஜ் அல்லது 28 கேஜ் கேளுங்கள். கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடக் கூடக் குழல் சிறியது. நூற்றுக்கணக்கில் சுடும்போது 12 கேஜ் உதைக்கிற உதையில் இரண்டாம் நாள் தோள் கன்றிப்போகும். காதுக்குக் கவசம் மட்டும் நல்லதாக இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணத்தை வங்கி மூலம் அனுப்பாதீர்கள். போனால் போனதுதான். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது கார்டு நிறுவனத்திடம் முறையிட வழி இருக்கிறது. கார்டு எடுக்க மாட்டோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். கட்டிய மறுவாரமே லாட்ஜுக்கு நேராக எழுதி, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா, பணம் வந்துசேர்ந்ததா என்று உறுதிசெய்யுங்கள். முகவரியை ஏஜென்டிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுங்கள். பயணக் காப்பீட்டில் துப்பாக்கி வேட்டைக்கு விலக்கு இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள், பல திட்டங்களில் இருக்கும்.

இன்னொன்று, புவெனஸ் அயர்ஸ் வழியாகப் போனால் பெரும்பாலும் எசெய்சா என்ற சர்வதேச விமான நிலையத்தில் இறங்கி, ஊரைக் கடந்து உள்நாட்டு விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். பனாமா வழியாக நேரே கோர்தோபாவில் இறங்கலாம்.

கேள்வி: கணவர் இதே மாதிரி ஒரு பயணத்துக்குப் பதிந்திருக்கிறார். நானும் போகிறேன், ஆனால் சுட மாட்டேன். எனக்கும் அதே கட்டணம் போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. சுடாமல் உடன் வருபவருக்குப் பெரும்பாலான லாட்ஜ்கள் குறைந்த கட்டணம் வைத்திருக்கின்றன. கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். உரிமக் கட்டணமும் உங்கள் பெயரில் வரக் கூடாது. பகலில் வெளியே போகக் கார் உண்டா, அதற்குத் தனிக் காசா என்றும் கேளுங்கள். லாட்ஜ் கோர்தோபா நகருக்கு வடக்கே இருந்தால் ஹெசூஸ் மரியா, சான்டா கத்தலீனா ஆகிய பழைய சேசு சபைப் பண்ணைகள் பக்கத்தில்தான். 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. ஒரு நாள் முழுக்க அங்கே போகலாம்.