‘வடிகால் கட்டணம்’ ரூ.1,83,600: கேட்டதும் கொடுத்துவிடலாமா?

கேள்வி: மாதவரத்தில் 40 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில், 1,020 சதுர அடி வீடு ஒன்றை 52 லட்சம் ரூபாய்க்குப் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறோம். இப்போது ‘உள்கட்டமைப்பு மற்றும் மழைநீர் வடிகால் கட்டணம்’ என்று சதுர அடிக்கு 180 ரூபாய் வீதம் தனியாக 1,83,600 ரூபாய் கேட்கிறார் பில்டர். ‘அரசாங்கத்துக்குப் போகிற பணம், எங்களுக்கு ஒரு பைசா இல்லை’ என்கிறார். வங்கி இதற்குக் கடன் தராதாம். மகளுக்குச் சேர்த்த நகையை அடகு வைக்கலாமா? – வாசகி, கொடுங்கையூர்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் பில்டரிடம் ஒரு காகிதம் கேளுங்கள்.

அரசு இப்படிப் பணம் வாங்குவது உண்மைதான். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வளர்ச்சிக் கட்டணம் வசூலிக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு, 2008 விதிகளின்படி, உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணமும் உண்டு. தளப்பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிட்டுப் போடுவார்கள். இவை பில்டர் பெயரில் வருகிற கட்டணங்கள். பொதுவாக, இவற்றைக் கட்டிய பிறகுதான் திட்ட அனுமதியே கைக்கு வரும். அந்த அனுமதி இல்லாமல் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு கிடையாது. ஆகவே உங்கள் அடுக்குமாடிக்கு ரெரா எண் இருக்கிறது என்றால், இவ்வளவு கட்டுங்கள் என்று சி.எம்.டி.ஏ. அனுப்பிய கேட்புக் கடிதமும் பணம் கட்டிய ரசீதும் பில்டரின் அலமாரியில் இருக்க வேண்டும். அவற்றின் நகலைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

நகல் வந்ததும் கணக்குப் போடுங்கள். எல்லா வீடுகளும் உங்கள் வீட்டின் அளவுதான் என்று வைத்துக்கொண்டால், 40 வீடுகளிலும் சேர்த்து அவர் வசூலிப்பது 73,44,000 ரூபாய். ஒரு பேச்சுக்கு, ரசீதில் 45 லட்சம் இருந்தால் உங்கள் பங்கு 1,12,500 ரூபாய்தான். மீதி 71,100 ரூபாய் எதற்கு என்று அவர்தான் சொல்ல வேண்டும். ரசீதில் ‘பாதுகாப்பு வைப்புத்தொகை’ என்று ஒரு வரி இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். கட்டடம் அனுமதிப்படி முடிந்து நிறைவுச் சான்று வாங்கியதும் அது பில்டருக்கே திரும்பி வருகிற பணம். அதை வாங்குகிறவர்கள் தலையில் கட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. கழிவுநீர் இணைப்புக்குக் குடிநீர் வாரியம் வாங்குவதும் வேறு கணக்கு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. இரண்டையும் ‘வடிகால்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அமெரிக்காவின் பல நகரங்களில், மழைநீர் மண்ணில் இறங்க விடாமல் கூரையும் கான்கிரீட்டும் எவ்வளவு இடத்தை மூடுகின்றன என்று அளந்தே கட்டணம் போடுகிறார்கள். ஆரிகன் மாநிலத்தின் டைகார்ட் நகரில், கடையை விரிவாக்க அனுமதி கேட்ட பெண்மணியிடம் ஓடையோர நிலத்தை வெள்ள வடிகாலுக்காக எழுதித் தரச் சொன்னது நகராட்சி. 1994-ல் அந்த வழக்கில், கேட்பது கட்டுமானத்தால் வரும் பாதிப்புக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். நம் கட்டணம் தளப்பரப்பைத்தான் பார்க்கிறது. உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதில்லை. கட்டிய பணம் பொது நிதிக்குப் போகிறது. பணம் கட்டியாயிற்று, வாசலில் வடிகால் வந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் தம்பி நம் வடசென்னையில்தான் வீடு வாங்கினான், வடிகாலுக்கென்று பணமும் கட்டினான். வாசலில் புத்தம் புதுக் கான்கிரீட் வடிகால் இருந்தது. 2015 டிசம்பர் மழையில் அதன் வழியாகவே தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. தெருமுனையில் அது ஒரு சுவரில் முட்டி நின்றிருந்தது. கால்வாயோடு இணைக்கவே இல்லை. பிரிட்ஜின் அடியில் படிந்த சேற்றை அம்மா கொட்டாங்கச்சியால் சுரண்டி எடுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மாதவரம், மணலி, திருவொற்றியூரெல்லாம் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. இந்தப் பகுதிகளும் அடங்கிய கொசஸ்தலையாற்றுப் படுகை வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்தது. 588 கிலோமீட்டர் புது வடிகால் அதில் அடக்கம். உங்கள் தெரு அதில் வருகிறதா, வேலை முடிந்ததா என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலை நேரில் போய், தெரு வடிகால் எந்தக் கால்வாயில் விழுகிறது என்று கடைசிவரை நடந்து பாருங்கள். வெள்ள அபாயம் குறித்து நீர்வளத் துறை தந்த தடையின்மைச் சான்று இருந்தால் அதன் நகலையும் வாங்குங்கள். தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது அதில் இருக்கும். மனையின் தரை அந்த அளவுக்கு இல்லையென்றால், பேரம் பேச இந்த 1,83,600 ரூபாயைவிடப் பெரிய விஷயம் உங்கள் கையில் இருக்கிறது.

பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரெரா சட்டம் அனுமதிப்பதில்லை. உங்களுக்கு அது 5,20,000 ரூபாய். கொடுத்த முன்பணம் அதைத் தாண்டியிருந்தால் இனி ஒரு ரூபாயும் தராதீர்கள். ஒப்பந்தம் போட்டிருந்தால், அரசுக் கட்டணங்களை வாங்குபவர் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். நிபந்தனையும் இருந்து, ரசீதும் வந்தால், உங்கள் பங்கை மட்டும் காசோலையாகக் கொடுங்கள். கேட்பதையெல்லாம் பதிவுத் தபாலில் எழுத்தாகக் கேளுங்கள். அனுப்புமுன் கடிதத்தை எனக்குக் காட்டுங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.