37-ஆம் வசனத்தை யார் எடுத்தது?

கேள்வி: ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். புதிய பைபிள்களில் வசனங்களைத் தந்திரமாக நீக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. போனில் உள்ள ஆங்கிலப் பைபிளில் அப்போஸ்தலர் 8-ஐத் திறந்தால், நிஜமாகவே 36-க்கு அடுத்து 38! காசு கட்டாமல் இணையத்தில் இதை எங்கே சரிபார்ப்பது?

பதில்: சகோதரி, கையெழுத்துப் பிரதியையே பார்த்துவிடுங்கள். கோடெக்ஸ் சினாயிட்டிகஸ் என்பது 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பைபிள். லண்டன், லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் மடம் என நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கும் அதன் தோல் ஏடுகளை 2009 முதல் ஒரே இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புத்தகம், அதிகாரம், வசனம் தேர்ந்தெடுத்தால் ஏட்டின் படமும், அதன் எழுத்துப்படியும் அருகருகே வரும். பக்கத்துக்கு நான்கு பத்தி, சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. முதலில் கண் கட்டும். எத்தியோப்பிய மந்திரி, தனக்குப் போதித்த பிலிப்புவிடம், ஞானஸ்நானம் பெறத் தடையென்ன என்று கேட்கும் இடத்தில் 'பாப்டிஸ்தேனாய்' (ஞானஸ்நானம் பெற) என்ற சொல்லோடு 36-ஆம் வசனம் முடிகிறது. அடுத்த சொல்லே 'காய்', அதாவது 'மேலும்'; மந்திரி ரதத்தை நிறுத்தச் சொல்லும் 38-ஆம் வசனம் அதில் தொடங்குகிறது. நடுவில் 37-ஆம் வசனம் இல்லை; அதாவது பிலிப்புவின் பதிலும், இயேசு கிறிஸ்துவை தேவனுடைய குமாரனென்று விசுவாசிக்கிறேன் என்ற மந்திரியின் அறிக்கையும் இல்லை.

அப்படியானால் அது கட்டுக்கதையா? அவசரப்பட வேண்டாம். கி.பி. 180 வாக்கில் ஆதிச் சபை ஆயர் ஐரேனியஸ் அந்த அறிக்கையை மேற்கோள் காட்டியிருக்கிறார். ஆக, வாசகம் பழையதுதான். பழைய கிரேக்கப் பிரதிகள் பலவற்றில்தான் இல்லை. 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ், ஒரு பிரதியின் ஓரத்தில் அதைக் கண்டு, எழுதியவர் விட்டுவிட்டார் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார். வசன எண்கள் வந்ததோ 1551-இல், அந்த அச்சு மரபின் மேல். அதனால்தான் வசனத்தை எடுத்ததும் எண்ணில் ஓட்டை தெரிகிறது. நம் வீடுகளில் புழங்கும் 'பழைய திருப்புதல்' தமிழ்ப் பைபிளும் அந்த மரபையே சார்ந்தது.

ஏட்டைப் படிக்கச் சிரமமென்றால், கேம்பிரிட்ஜில் உள்ள பைபிள் ஆய்வு மையமான டின்டேல் ஹவுஸில் உருவான 'ஸ்டெப் பைபிள்' இணையதளம் போதும். கிரேக்கச் சொல்லைத் தொட்டால் பொருள் வரும். பிரதி வேறுபாடுகளுக்கு 'நெட் பைபிள்' என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் அடிக்குறிப்புகளை நான் அடிக்கடி புரட்டுவேன். காரணத்தோடு எழுதியிருப்பார்கள்.

'புதிய கண்டுபிடிப்பு' செய்திகளில் இன்னும் கவனம் வேண்டும். முதல் நூற்றாண்டு மாற்கு சுவிசேஷத் துண்டு கிடைத்துவிட்டது என்று 2012-இல் ஒரே ஆரவாரம். 2018-இல், எகிப்தில் கிடைத்த பழைய ஏடுகளை வெளியிடும் ஆக்ஸிரிங்கஸ் பாப்பிரஸ் தொகுதியில் முறையாக வெளியானபோது, அது 2-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணித்திருந்தார்கள். வாஷிங்டன் பைபிள் அருங்காட்சியகம் வைத்திருந்த சவக்கடல் சுருள் (பழங்கால யூத ஏடுகள்) துண்டுகள் பதினாறுமே போலி என்று 2020-இல் தெரிந்தது. துண்டு எங்கே தோண்டியெடுக்கப்பட்டது, படம் வெளியாகியிருக்கிறதா என்ற இரண்டுக்கும் பதில் இல்லாத செய்தியை நான் வகுப்பில் சொல்வதில்லை.

சினாயிட்டிகஸ் தளத்தைத் திறந்த கையோடு மாற்கு 16-ஐயும் பாருங்கள். 8-ஆம் வசனத்தோடு சுவிசேஷம் முடிந்துவிடும்; நம் பைபிளில் உள்ள 9 முதல் 20 வரை இருக்காது. அடுத்த வாட்ஸ்அப் செய்தி அதைப் பற்றித்தான் வரும்.