பிரிட்டனில் கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு, வேலைக்காக வேன் ஓட்டி ட்ரெய்லரும் இழுக்கலாமா?

இழுக்கலாம், எடை வரம்புக்குள் இருந்தால். கார் லைசென்ஸான பி வகையில், சரக்கோடு சேர்த்து 3,500 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட வேனை ஓட்டலாம். 1997 முதல் லைசென்ஸ் எடுத்தவர்கள் பெரிய ட்ரெய்லருக்குத் தனியாக ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது இல்லை. இப்போது 3,500 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம். ஆனால் உங்கள் வேனுக்குத் தயாரிப்பாளர் குறித்த இழுவை வரம்பு குறைவாக இருந்தால் அதுதான் கணக்கு. ட்ரெய்லரின் அனுமதி எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்கு பிரேக் கட்டாயம்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். தொழிலுக்காகச் சரக்கு ஏற்றும்போது வேன், ட்ரெய்லர் இரண்டின் அனுமதி எடையும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால், ஓட்டும் நேரக் கட்டுப்பாடும், ஓட்டிய நேரத்தைப் பதிவு செய்யும் டாக்கோகிராஃப் கருவியும் வந்துவிடும். லைசென்ஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். ஓட்டுவது முக்கிய வேலையாக இல்லாமல், சொந்த வேலைக்கான கருவிகளை 100 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கொண்டுபோகிறவர்களுக்கு விலக்கு உண்டு. கொத்தனார், தோட்டக்காரர் பலர் இதில் தப்பிக்கலாம்.

வேகம்? ட்ரெய்லரோடு மோட்டார்வேயில் 60 மைல்தான். மூன்று தடங்கள் இருந்தால் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது.