பதில்: 100 மீட்டரில் முதல், 3 கிலோமீட்டரில் கடைசி

அக்கா, பெங்களூரு கண்டீரவா மைதானத்துல 100 மீட்டர்ல முதலா வர்ற உங்க பையன் 3 கிலோமீட்டர்ல கடைசியா வர்றான், கோச் சோம்பேறின்னு திட்டுறார்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. அது சோம்பல் இல்லக்கா. அவன் தசையில வேக இழைகள் கூடுதலா இருக்கலாம். அதெல்லாம் சட்டுனு சுருங்கும், சீக்கிரமே களைச்சுடும். நெடுந்தூரத்துக்கு மெது இழைகள்தான் வேணும். செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும், நுண் ரத்தக்குழாயும் அதுலதான் அதிகம். 2009ல பெர்லின்ல 9.58 விநாடியில ஓடின உசேன் போல்ட்டுக்கே 60லேருந்து 80 மீட்டர் வரை 1.61 விநாடி, கடைசி 20 மீட்டருக்கு 1.66 ஆச்சு. அவருக்கே கடைசி வரை அதே வேகம் நிலைக்கலை!

அவன் 3 கிலோமீட்டர் ஓடும்போது முதல் சுற்றை மட்டும் கடிகாரம் வச்சுப் பாருங்க, ரொம்ப வேகமா ஆரம்பிக்கிறானான்னு தெரியும். என் பொண்ணு முதல் 400 மீட்டரை 80 விநாடியில பறப்பா. நாலாவது சுற்றுல தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறிடும், கை இறுகிடும். உங்க பையனும் அப்படித்தான் ஓடுவான்னு நினைக்கிறேன்.

வாரம் மூணு நாள், காலையில கப்பன் பார்க்ல, பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல அரை மணி நேரம் ஓட விடுங்க. நுண் ரத்தக்குழாய் பெருக வாரக்கணக்காகும், அவசரப்படுத்தாதீங்க. 100 மீட்டர் பயிற்சியை மட்டும் நிறுத்திடாதீங்கக்கா. ஓடும்போது நெஞ்சு வலி, மூச்சு இழுப்பு இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க.