9 வயசு, 38 கிலோ: ஷேக் பவுடர் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயசு, உயரம் 132 செ.மீ., எடை 38 கிலோ. கழுத்தைச் சுத்தி கருப்பா இருக்கு. வளர்ற வயசு, தானா வத்திரும்னு அத்தை சொல்லுதாங்க. எங்க தெருவுல ஒருத்தர், இது தைராய்டுதான், ஷேக் பவுடர் குடுங்க 3 மாசத்துல குறைஞ்சிரும்ங்கார். வாங்கலாமா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: வாங்காதீங்கம்மா, மிச்சத்தைப் பொறவு பேசுவோம்.

உங்க பையன் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 21.8 வருது. பெரியவங்களுக்கு அது நார்மல், ஆனா பிள்ளைங்களுக்கு வயசை வச்சு தனி சார்ட், அதுல 9 வயசுக்கு இது உடல் பருமன். தானா வத்தும்னு காத்திருக்க முடியாது. கழுத்துக் கருப்பு அழுக்கு இல்ல, கடலமாவு போட்டு தேய்ச்சு பிள்ளை தோலைப் புண்ணாக்காதீங்க, இன்சுலின் சரியா வேலை செய்யாம உடம்பு அதைக் கூடுதலா சுரக்கும்போது வார அடையாளம் அது. ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி குழந்தைகள் ஓபியில காட்டி சுகர், கொழுப்பு, லிவர் பாத்திருங்க.

தைராய்டு பயம் எல்லாருக்கும் இருக்கு, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லுதேன். தைராய்டு மாதிரி ஹார்மோன் கோளாறுல குண்டாவுற பிள்ளை பெரும்பாலும் உயரம் வளராம நின்னுரும். உங்க பையன் வயசுக்கேத்த உயரம்தான். போன வருஷ யூனிபார்ம் பேண்டைப் போட்டுப் பாருங்க, இடுப்பும் பத்தல, நீளமும் பத்தலன்னா பிள்ளை வளருதான்னு அர்த்தம், நீளம் மட்டும் அப்படியே இருந்தாத்தான் கண்டிப்பா ஹார்மோன் டெஸ்ட் பாக்கணும். இன்னொண்ணு, குண்டான பிள்ளைங்களுக்கு தைராய்டு ரத்த டெஸ்டுல டிஎஸ்ஹெச்-ங்கற அளவு லேசா கூடி வரும், பலருக்கும் எடை குறைஞ்சா அதுவும் இறங்கிரும், அந்தச் சீட்டைக் காட்டி யாராவது மாத்திரையோ பவுடரோ தந்தா வாங்காதீங்க.

இந்த ஷேக் ஆளுங்கதான் என்னைப் பாடாப் படுத்துதாங்க. ஃப்ரீயா எடை பாக்கோம்னு கூப்பிட்டு, மிஷின்ல ஏத்தி, பயம் காட்டி, டப்பாவைத் தலையில கட்டிருவாங்க. விக்கவருக்கு கமிஷன், அவருக்கு மேல இருக்கவருக்கும் கமிஷன், பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேக்க ஆள் கிடையாது. சத்து பானம்னு பால்ல கலக்குத பவுடரும் லேசுப்பட்டது இல்ல, பலதுல 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல சர்க்கரை. 'ஹெல்த் டிரிங்க்' பட்டியல்ல வச்சு விக்கக் கூடாதுன்னு ஆன்லைன் கடைகளுக்கு 2024-லயே அரசு சொல்லிட்டு, நம்ம வீட்டு அலமாரியில இருந்துதான் இன்னும் இறங்கல. ஸ்கூல் வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சர்க்கரை கூடுன பண்டம் விக்கக் கூடாதுன்னும் 2020-ல சட்டம் போட்டாச்சு, பெல் அடிச்சதும் வாசல்ல போய் நின்னு பாருங்க, பாக்கெட் மாலைமாலையா தொங்குது. பிடி பீரியடை கணக்கு சார் எடுத்துக்கிடுதாரு, பிள்ளை எங்க ஓடும்?

எடையைக் குறைக்கேன்னு பட்டினி போடாதீங்க. 38-லயே நிப்பாட்டுனா போதும், அடுத்த வருஷம் 138 செ.மீ. வளந்தா பிஎம்ஐ தானா 20-க்கு வந்திரும். பால்ல பவுடரை நிப்பாட்டுங்க, கலர் தண்ணியும் பாக்கெட்டும் வீட்டுக்குள்ளயே வரக்கூடாது. அல்வா, ராத்திரி பரோட்டா எல்லாம் எப்பவாச்சும், அதுவும் வீட்ல எல்லாருக்கும் ஒரே சட்டம், அண்ணன் திங்கும்போது இவன் மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா ஒளிச்சு வச்சுத் தின்பான். சாப்பிடும்போது போன் கூடாது, தினம் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாடணும், 9 மணி நேரமாவது தூங்கணும். தூக்கத்துல குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வந்தா மட்டும் இதையெல்லாம் செஞ்சு பாப்போம்னு இருக்காதீங்க, அந்த வாரமே கூட்டிட்டுப் போயிருங்க.