போனுக்குள் ஐந்து மேனேஜர்

கேள்வி: எனக்கு 36 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். வீடு, பிள்ளைகள், ஆபீஸ் என்று ஓடி ஓடி, எப்போதும் ஒரு படபடப்பு. மனதைக் கவனித்துக்கொள்ளலாமே என்று ஐந்து ஆப்களை இறக்கினேன். ஐந்தும் மாறி மாறி ‘இன்று ஏன் வரவில்லை?’ என்கின்றன. இப்போது அதுவே தனி டென்ஷன். எதை வைத்துக்கொள்வது?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: ஆபீஸில் ஒரு மேனேஜர் போதாதென்று போனுக்குள் ஐந்து பேரா! பாவம்தான் சகோதரி நீங்கள்.

எது நல்ல ஆப் என்பது அப்புறம். எந்த நேரத்தில் உங்களுக்குத் தொல்லை அதிகம்? ராத்திரி தூக்கம் வரவில்லையென்றால் காம் (Calm), ஹெட்ஸ்பேஸ் ஆப்கள் மாதிரி, குரல் கேட்டுக்கொண்டே படுப்பவை உண்டு. ஆனால் பாதித் தூக்கத்தில் ஆங்கிலத்தை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டிருந்தால் தூக்கம் எங்கே வரும்? உங்கள் காதுக்குப் பழகிய மொழியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபின்ச் என்ற ஆப்பில் தண்ணீர் குடித்தேன், நடந்தேன் என்று குறித்தால் ஒரு குஞ்சுப் பறவை வளரும். குழந்தைத்தனம்தான், சிலருக்கு அதுவே பிடித்துப்போகிறது.

எப்போதும் படபடப்பு என்கிறீர்கள். அதனால் நான் டேலியோ போன்ற மனநிலைக் குறிப்பேட்டைச் சொல்வேன். ஒரு முகத்தைத் தொட்டு, அன்று என்ன செய்தீர்கள் என்பதையும் தொட்டால் முடிந்தது, எழுத வேண்டியதில்லை. சாயங்காலம் பஸ் தவளக்குப்பம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் பாருங்கள், எந்தக் கிழமை, எந்த வேலை உங்களைப் படுத்துகிறது என்று பிடிபடலாம். ரிமைண்டரை அணைத்துவிடுங்கள். நாலு நாள் விட்டுப்போனாலும் குடி முழுகிவிடாது.

இன்னொன்று, மூச்சுப்பயிற்சி சொல்லித்தரும் ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு? கேட்டால் கொடுக்காதீர்கள். மனக்குறையைச் சொல்கிற இடம் என்பதாலேயே கவனம் தேவை. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம், வாடிக்கையாளர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக எழுந்த புகாரில், 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், அல்லது வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும், ஆப்போடு நிற்காதீர்கள். 14416, மத்திய அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க, நீங்கள் தினமும் போகிற ஊரிலேயே ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது.

சரி, மற்ற நான்கையும் நீக்கிவிடுங்கள். நீக்கும் முன் பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதியைத் திறந்து, ‘7 நாள் இலவசம்’ என்று எதையாவது தொடங்கியிருந்தால் ரத்து செய்யுங்கள். ஆப்பை அழித்தாலும் சந்தா தானாக நிற்காது. நான் அழித்த ஒன்றுக்கு இரண்டு மாதம் பணம் போன பிறகுதான் எனக்கே இது தெரிந்தது!