படகு கரையில், பற்றரி மாடியில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்லடியில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். விடுமுறை நாட்களில் வாவியில் தூண்டில் போடுவதற்காக 14 அடி பைபர் படகு ஒன்றும், 12 வோல்ட் பற்றரியில் ஓடும் சிறிய மின்மோட்டர் ஒன்றும் வாங்க விலை பேசியிருக்கிறேன். படகை வாகனத் தரிப்பிடத்தில் வைத்துவிட்டு, படிக்கட்டடியில் இருக்கும் பொதுப் பிளக்கில் பற்றரியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். மின்தூக்கி இல்லை. காவலாளி சம்மதித்துவிட்டார். அயல் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகர், கல்லடி

பதில்: காவலாளியின் சம்மதத்தை நம்பிப் படகு வாங்காதீர்கள். உங்கள் கட்டடம் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவானதாக இருந்தால், தரிப்பிடமும் படிக்கட்டும் வீட்டுச் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் பொதுவானவை. அவற்றின் பொறுப்பு முகாமைத்துவக் குழுவிடம் இருக்கிறது. ஒரே உரிமையாளரின் கட்டடம் என்றால் அவர் சொல்வதுதான் முடிவு. எப்படியானாலும் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். பொதுப் பிளக்கின் மின்பட்டியலை எல்லோரும் பங்குபோட்டுக் கட்டுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு முறை சார்ஜ் செய்ய ஏறத்தாழ ஒன்றரை அலகு மின்சாரம்தான் போகும். ஆனால் இத்தகைய சண்டைகள் காசின் அளவைப் பார்த்து வருவதில்லை. படிக்கட்டில் வயரும் பற்றரியும் கிடப்பது அதைவிடப் பெரிய தவறு. தீப்பிடித்தால் மூன்று மாடிக்காரரும் இறங்கி ஓடுவதற்கு அந்த ஒரு வழிதான்.

சரி, அனுமதி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் படகைத் தரிப்பிடத்தில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கல்லடியில் இருந்துகொண்டு படகை ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏற்றி இறக்குவது வீண் வேலை. இரண்டு ஆள் தூக்கும் பாரமும் அல்ல அது. கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடாப் பக்கத்து வாவிக் கரையில் மீன்வாடி வைத்திருப்பவர்களிடமோ, அந்தக் கரையின் மீனவர் சங்கத்திலோ கேளுங்கள். மாதம் ஒரு தொகை பேசிக் கொடுத்தால் படகுக்கு இடமும் கிடைக்கும், கண்காணிக்க ஆளும் கிடைக்கும். எந்தத் தேதிக்கு எவ்வளவு, படகுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதை அரைத்தாளிலாவது எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பழகிய முகம் என்று விட்டுவிட்டால், பிறகு முகத்தைப் பார்க்க முடியாத நிலை வரும். வலை எங்கே கட்டியிருக்கிறது, இறால் கூடு எங்கே கிடக்கிறது என்று சொல்லித்தரப்போகிறவர்களும் அவர்கள்தான். மோட்டர் விசிறி ஒருவருடைய வலையை அறுத்தால் அன்றைய கொடுவாவின் விலை எங்கேயோ போய்விடும்.

படகை நீரிலேயே கட்டிப்போடாமல், இரண்டு தென்னங்குற்றிகளின் மேல் கவிழ்த்து வையுங்கள். தறப்பாளைப் பைபரோடு ஒட்டி இறுக்கினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் போகும். இடையில் காற்றுப் புக வழி விட வேண்டும். கிடுகுக் கூரை இருந்தால் இன்னும் நல்லது. கார்த்திகை, மார்கழியில் வாவி பெருகினால் இன்றைய கரை நாளைக்கு இடுப்பளவு நீரில் இருக்கும். ஆகவே ஐப்பசி முடிவதற்குள் படகை மேட்டுக்கு இழுத்துக் கயிற்றில் கட்டிவிடுங்கள்.

இனி பற்றரி. உங்கள் கேள்வியின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கடையில் விலையைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேளுங்கள். 100 அம்பியர் மணி (5 அம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் வரும் கொள்ளளவு) ஈய அமிலப் பற்றரி 25 முதல் 30 கிலோ வரை வரும். அரை மூட்டை அரிசிக்கு மேல். கைபிடித்து ஏற வசதியில்லாத அந்தச் சதுரப் பெட்டியை வெயிலில் களைத்து வந்த பிறகு மூன்று மாடி ஏற்ற வேண்டும். இரண்டு வாரம் ஏற்றுவீர்கள். மூன்றாம் வாரம் வாடியிலேயே போட்டுவிட்டு வருவீர்கள். அரைகுறைச் சார்ஜில் கிடக்கும் ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். நம் ஊர் வெக்கையில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி 10 முதல் 13 கிலோதான். விலை கூட என்பது உண்மை. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். 55 இறாத்தல் உந்துவிசை உள்ள மோட்டர் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 அம்பியர் இழுக்கும். ஈயப் பற்றரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், முழு வேகத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், உண்மையில் அதற்கும் குறைவு. லித்தியத்தில் பெரும்பகுதியையும் எடுக்கலாம். ஒன்றரை மணிக்கு மேல் ஓடும். மெதுவாக ஓட்டினால் இரண்டுமே பல மணி நேரம் வரும். ஆனால் பிற்பகலில் கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது மெதுவாக ஓட்டிக் கரைசேர முடியாது. துடுப்பு இரண்டு எப்போதும் படகில் இருக்கட்டும். அந்த மோட்டரோடு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும் எண்ணமே வேண்டாம்.

சார்ஜ் செய்யும் நேரத்திலும் லித்தியம்தான் தொடர்மாடிக்கு ஏற்றது. 20 அம்பியர் சார்ஜரில் வெறுமையான பற்றரி ஐந்து மணி நேரத்தில் நிறையும். மாலையில் போட்டால் படுக்கப் போவதற்குமுன் கழற்றிவிடலாம். ஈயப் பற்றரிக்கு 10 அம்பியரில் முழு இரவும் வேண்டும். அதிலிருந்து ஐதரசன் வாயுவும் வரும். அந்த வாயு காற்றில் 4 சதவீதத்தை எட்டினாலே பற்றிக்கொள்ளும். அதைச் சார்ஜ் செய்ய வேண்டுமானால் திறந்த பால்கனியில், மழை படாத இடத்தில் செய்யுங்கள். சமையலறை எரிவாயு அடுப்பின் பக்கமும் படுக்கையறையும் கூடாது.

வீட்டு வயரிங் தாங்குமா என்று அஞ்ச வேண்டாம். அந்தச் சார்ஜர் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 350 வாற்று. சோற்றுக் குக்கர் இதைவிட அதிகம் இழுக்கும். ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சார்ஜர் லித்தியத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கட்டும். ஈயப் பற்றரிச் சார்ஜர்கள் சிலவற்றில் சல்பேட்டைக் கரைப்பதற்கென்று உயர் வோல்ட் ஏற்றும் முறை உண்டு. அது லித்தியத்துக்கு ஆகாது. வீட்டுக்கு வந்ததும் முனைகளில் பட்ட உப்பை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.

லித்தியத்துக்குக் கையில் காசு போதாது என்றால், ஈயப் பற்றரியை வாங்கி வாடியிலேயே 100 வாற்று சூரியத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள். நல்ல வெயிலில் பாதி காலியான பற்றரி இரண்டு நாளில் நிறைந்துவிடும். வார இறுதியில் மட்டும் போகிறவருக்கு அது தாராளம். தகட்டைக் கழற்ற முடியாதபடி பூட்டி வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மின்சாரம் எட்டாத காலத்தில் தொலைக்காட்சி பார்ப்பதற்காகப் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்த ஊர் இது. இதெல்லாம் நமக்குப் புதிதல்ல.

கேள்வி: மின்மோட்டருக்கு லொறிப் பற்றரியே போதும், அதுவும் 100 அம்பியர் மணிதான், விலையும் மலிவு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். லொறிப் பற்றரியின் தகடுகள் மெல்லியவை. எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள் பெரிய மின்னோட்டம் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகச் செய்தவை. மணிக்கணக்கில் இழுத்து வெறுமையாக்கினால் ஒரு பருவமும் தாங்காது. உத்தரவாத அட்டையைக் கடையிலேயே படியுங்கள். வாகனம் தவிர்ந்த பாவனைக்கு உத்தரவாதம் இல்லை என்று இருந்தால், கெட்டுப்போகும்போது அதே கடைக்காரர் அந்த வரியைக் காட்டுவார். ஆழமாகச் சார்ஜ் இறக்கி ஏற்றுவதற்கென்று செய்த பற்றரியைக் கேளுங்கள். இன்வேர்ட்டர், சூரிய மின்சாரப் பொருள் விற்கும் கடைகளில் இருக்கும்.

கேள்வி: 100 அம்பியர் மணி என்று எழுதிய லித்தியம் பற்றரி வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. பாதி நேரம்கூட ஓடவில்லை. உப்புத் தண்ணீர் பட்டிருக்கும், நாங்கள் பொறுப்பில்லை என்கிறது கடை.
வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: வாய்ப்பேச்சை விட்டு அளந்து காட்டுங்கள். பற்றரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, 55 வாற்று வாகன முன்விளக்குப் பல்பு இரண்டை இணைத்து எரியவிடுங்கள். இரண்டும் சேர்ந்து 9 அம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். உண்மையான 100 அம்பியர் மணி என்றால் பத்து, பதினொரு மணி நேரம் எரிய வேண்டும். ஆறு மணி நேரத்தில் அணைந்தால் உள்ளே இருப்பது எழுதியதில் பாதியளவுதான். பல்பு கடுமையாகச் சுடும். துணி, பிளாஸ்டிக் அருகில் வேண்டாம். தொடங்கிய நேரமும் அணைந்த நேரமும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பற்றுச்சீட்டின் பிரதியோடு கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற இலக்கம் உண்டு. அழைத்துச் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். “அடுத்த கப்பலில் புதியது வரும், பொறுங்கள்” என்று கடை நாள் கடத்தினாலும் அந்த மூன்று மாதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: பழைய பைபர் படகு ஒன்று மலிவாக வருகிறது. பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டது என்கிறார் விற்பவர்.
வாசகர், வாழைச்சேனை

பதில்: மீன்பிடிப் படகு கடற்றொழில் திணைக்களத்தில் பதிவாகியிருக்க வேண்டும், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அதைக் கேட்கிறது. படகில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, விற்பவரையும் அழைத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் மாற்றம் முடியும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். வர மறுத்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.